குடத்தின் கணக்கு

நமது நாட்டில் அரிசியை அளவாமல் வாங்குவார் இல்லை. பாலை அளந்து வாங்குகிறோம். எண்ணெயை அளந்து வாங்குகிறோம். துணிக்கடையில் ஒரு விரற்கடை குறைந்தாலும் கடைக்காரரோடு வழக்காடுகிறோம். தண்ணீர் ஒன்றை மட்டும் அளவாமல் பெற்று, அளவாமல் செலவழித்து, அளவாமலே அதைப் பற்றிக் குறையும் கூறி வருகிறோம். கோடை பிறந்ததும் "தண்ணீர் போதவில்லை" என்ற கூக்குரல் தெருவுக்குத் தெரு எழுகிறது. எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வருகிறது, எவ்வளவு குறைகிறது என்று யாரேனும் திருப்பிக் கேட்டால் விடை கூறக்கூடியவர் நூற்றில் ஒருவரும் இல்லை. கேள்வியைக் கேட்பவர் சர்க்கார் உத்தியோகஸ்தராக இருந்துவிட்டால், அத்துடன் கூக்குரல் அடங்கிப் போகிறது.

இதை நாம் வேடிக்கைக்காகக் கூறவில்லை. சில காலத்திற்கு முன் ஒரு சிற்றூரின் பெரியோர்கள் ஒன்பதுபேர் தூதுகோஷ்டியாகப் புறப்பட்டுத் தண்ணீர்க் குறையைத் தெரிவிக்கும் பொருட்டு ஒரு காரியாலயத்திற்குச் சென்றனர். நாமும் உடன் சென்றிருந்தோம். அங்கே இருந்த அதிகாரி நம்மை மரியாதையுடன் உட்கார வைத்து, ஒரு பதிவேட்டைத் திறந்து, "உங்கள் தெருவுக்கு ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் விடப்படுகிறதே?" என்றார். நம்மவர் திடுக்கிட்டு, "ஐயா, வீட்டுக்கு ஆறேழு குடம்தான் கிடைக்கிறது" என்றனர். "குடம் என்றால் எத்தனை லிட்டர்?" என்று அவர் கேட்டார். ஒருவர் பத்து என்றார். மற்றொருவர் பதினைந்து என்றார். மூன்றாமவர் சற்றும் தயங்காமல் இருபது என்றார். அதிகாரி ஒன்றும் பேசவில்லை. புன்னகை மட்டும் செய்தார். அந்தப் புன்னகைக்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. விண்ணப்பத்தை மேஜைமீது வைத்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்பி வரும் வழியில் நமக்குத் தோன்றியது இதுதான். ஒன்பதுபேரில் எவருமே ஒரு நாளேனும் இடுப்பில் குடம் சுமந்தவர் அல்லர். சுமப்பவர்களில் ஒருவரையேனும் நாம் உடன் அழைத்துச் செல்லவும் இல்லை. ஊர் சேர்ந்ததும் குழாயடியில் நின்ற ஓர் அம்மையாரை இதே கேள்வியைக் கேட்டோம். அவர் வரிசையில் இருந்த குடங்களைச் சுட்டி, இது பெரிது, இது அதைவிட ஒன்றரைச் செம்பு குறைவு, இந்தப் பச்சைக் குடம் பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் அடி மேடிட்டிருப்பதால் கொள்வது குறைவு என்று கண நேரத்தில் கூறிவிட்டார். ஒரு லிட்டர் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தோம். முதற் குடம் 15 லிட்டர்; இரண்டாவது பதின்மூன்றரை; பச்சைக் குடம் 11. அம்மையார் சொன்ன வரிசையில் ஒன்றும் பிசகவில்லை. சபைகளில் வீற்றிருந்து தண்ணீரைப் பற்றித் தீர்மானம் இயற்றும் நம்மைப் போன்ற ஆண்மக்கள் இதைச் சற்று மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த 55 லிட்டர் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் கூறிவிடுவோம். 2019-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் மூலம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நல்ல தண்ணீர் அளிக்க வேண்டும் என்று வரையறுத்தது. அதற்கு முந்திய திட்டத்தில் இது 40 லிட்டராக இருந்தது. பாதாளச் சாக்கடை அமைந்த நகரங்களுக்கு 135 லிட்டர் என்று மத்திய சர்க்காரின் பொறியியல் கையேடு கூறுகிறது. வெள்ளம், பூகம்பம், யுத்தம் ஆகியவற்றால் வீடிழந்தோர் தங்கும் முகாம்களில்கூட ஆளுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது சர்வதேச நிவாரண ஸ்தாபனங்கள் ஏற்றுக்கொண்ட அளவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு 55 லிட்டர் வீதம் 275 லிட்டர் ஆகிறது. பெரிய குடத்தில் இது பதினெட்டுக் குடத்துக்கும் சற்று மேல். லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை; எனவே தெருக் குழாயிலிருந்து இதைச் சுமப்பதானால் ஒரு பெண்மணி நாள்தோறும் 275 கிலோ பாரத்தை இடுப்பிலேற்றி வீடு சேர்க்க வேண்டும். குழாய் வீட்டுக்குள் வர வேண்டும் என்பதன் நியாயம் இந்த ஒரு கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

அளத்தல் நமக்குப் புதிய வித்தை அன்று. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்று திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் உருப்போட்ட வாய்பாடு அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களில் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் பேர் சொல்லிக் குறிக்கப்படுகிறது. அது 'ராஜகேசரி' என்ற அளவுக்குச் சமம் என்ற விளக்கமும் அங்கேயே வெட்டப்பட்டிருக்கிறது. இறைவன் திருநாமத்தை மரக்காலுக்கு இட்டதில் பக்தி மட்டும் அன்று, எச்சரிக்கையும் இருந்தது என்று நாம் நினைக்கிறோம். ஆயினும் ஊருக்கு ஊர் படி வேறுபட்டது. சின்னப் படி, பெரிய படி என்ற பேதம் இருந்தது. குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்ற தகராறும் தீர்ந்தபாடில்லை. தானியத்திற்குத் தலை தட்ட ஒரு கோல் வேண்டும். தண்ணீரோ தன் தலையைத் தானே தட்டிக்கொள்ளும் பண்டம். அதனால்தான் ஒரு படி சரியான படிதானா என்று சோதிக்க விரும்புவோன் அதில் நெல்லை இட்டுப் பாராமல் நீரை ஊற்றிப் பார்க்கிறான்.

மேனாட்டாரும் இந்த உண்மையைப் பற்றிக்கொண்டே தங்கள் அளவுகளை வகுத்தனர். இங்கிலாந்தில் ஒயினுக்கு ஒரு காலன், பீருக்கு ஒரு காலன், தானியத்திற்கு ஒரு காலன் என்று நெடுங்காலம் குழப்பம் நிலவியது. 1824-ல் பார்லிமெண்டு அவற்றையெல்லாம் தள்ளி, பத்துப் பவுண்டு எடையுள்ள தண்ணீர் கொள்ளும் பாத்திரமே காலன் என்று சட்டம் செய்தது. அது நமது கணக்கில் 4.546 லிட்டர். அமெரிக்கர்கள் பழைய ஒயின் காலனையே வைத்துக்கொண்டதால் அவர்களுடைய காலன் 3.785 லிட்டரோடு நின்றுவிட்டது. பிரெஞ்சுக் குடியரசோ 1795-லேயே பத்து சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி கொள்ளும் அளவை லிட்டர் என்று நிர்ணயித்து, தண்ணீரின் எடையிலிருந்தே கிராமையும் வகுத்தது. 1901 முதல் 1964 வரை ஒரு கிலோ தூய நீர் அடையும் இடமே லிட்டர் என்று விஞ்ஞானிகள் வைத்திருந்தனர். பெட்டிக் கணக்குக்கும் எடைக் கணக்குக்கும் பத்து லட்சத்தில் 28 பங்கு வித்தியாசம் இருந்தமையால் மறுபடியும் பெட்டிக்கே திரும்பினர். இந்த நுட்பம் குழாயடிக்கு வேண்டுவதில்லை. நமது நாடு 1956-ம் வருஷச் சட்டத்தினால் மெட்ரிக் அளவுகளை ஏற்றுக்கொண்டது. மளிகைக் கடையில் சேரும் வீசையும் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. குழாயடியில் மட்டும் லிட்டர் இன்னும் வந்து சேரவில்லை.

இனிப் பாத்திரத்தைப் பார்ப்போம். குடத்தை விட்டு வாளியை எடுத்துக்கொண்டபோது நமக்கு ஒரு விந்தை காத்திருந்தது. நாம் எடுத்தது வாய் அகன்று அடி குறுகிய சாதாரண பிளாஸ்டிக் வாளி: உட்புறம் வாயின் குறுக்களவு 30 சென்டிமீட்டர், அடியின் குறுக்களவு 22, உயரம் 28. கணக்கிட்டுப் பார்த்தாலும் ஊற்றிப் பார்த்தாலும் அது விளிம்பு வரை 15 லிட்டர் கொள்கிறது. அப்படியானால் பாதி உயரத்திற்கு நிரப்பினால் ஏழரை லிட்டர் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. 6 லிட்டரும் 350 மில்லியுந்தான் இருக்கிறது. அடி குறுகலாகையால் கீழ்ப்பாதி வாங்குவது குறைவு, மேற்பாதி வாங்குவது அதிகம். "அரை வாளி" என்று எண்ணிக் கொடுத்தவன் அறியாமலே ஏமாற்றுகிறான்; வாங்கியவன் அறியாமலே ஏழில் ஒரு பங்குக்குமேல் இழக்கிறான்.

அதைவிடப் பெரிய மோசம் விளிம்பில் இருக்கிறது. தளும்பாமல் தூக்க வேண்டும் என்று இரண்டு சென்டிமீட்டர் குறைத்து நிரப்புவது எல்லோருக்கும் வழக்கம். இந்த வாளியில் அந்த இரண்டு சென்டிமீட்டரில் மறைவது ஏறக்குறைய 1 லிட்டர் 400 மில்லி. வாளிக்கு வாளி இவ்வாறு போனால் பத்து வாளிக்கு ஒரு வாளி குறைந்துவிடுகிறது. ஆனால் நமது குடத்தைப் பாருங்கள். வயிறு பருத்துக் கழுத்துச் சிறுத்த அந்த வடிவத்தில் கழுத்தின் குறுக்களவு பத்து சென்டிமீட்டரானால், இரண்டு சென்டிமீட்டர் குறைத்தாலும் குறைவது 160 மில்லிக்குள்ளேயே நின்றுவிடும். ரசாயன சாலைகளில் மிகத் திட்டமாக அளப்பதற்கு வைத்திருக்கும் கண்ணாடிக் குடுவைகளும் இதே காரணத்தினால் வயிறு பெரிதாயும் கழுத்து ஊசிபோலும் செய்யப்படுகின்றன. தளும்பாதிருக்கவும் இடுப்பில் தங்கவும் குயவன் வனைந்த உருவம் அளவிலும் நேர்மையுள்ளதாக அமைந்திருப்பது பெருமைப்படத்தக்கது. வாளியில் அளப்பவர் அதன் உட்புறத்தில் ஒவ்வொரு லிட்டருக்கும் கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கோடுகள் மேலே போகப் போக நெருங்கி வரும். அவ்வாறு நெருங்காமல் சம இடைவெளியில் அச்சிட்டு விற்கும் சாய்ந்த வாளியை நம்பலாகாது.

ஒரு லிட்டர் புட்டி கிடைக்காவிடில் தராசு போதும். காலிப் பாத்திரத்தை நிறுத்து, நீருடன் நிறுத்து, வித்தியாசத்தை லிட்டராகக் கொள்ளலாம். நமது சீதோஷ்ணத்தில் 15 லிட்டர் தண்ணீர் 15 கிலோவுக்கு அறுபத்தைந்து கிராம் போலக் குறைந்து நிற்கும். அதைப் பொருட்படுத்துவது அரிசி மூட்டையில் ஒரு மணியைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

லாரித் தொட்டியின் கதை வேறு. படுத்த உருளையாகிய அதில் கோலை விட்டுப் பார்த்து, "கால் தொட்டி இருக்கிறது" என்று கூறுவது வழக்கம். பாதி ஆழம் என்றால் உண்மையாகவே பாதித் தண்ணீர்தான். ஆனால் கால் ஆழம் என்றால் கால் தண்ணீர் அன்று. நூற்றுக்குப் பத்தொன்பதரை மட்டுமே. 12,000 லிட்டர் லாரியில் கடைசிக் கால் பங்கு 3,000 லிட்டர் என்று எண்ணி வரிசையில் நிற்பவர்களுக்கு 2,350 லிட்டரே மிஞ்சுகிறது. தெருக்கோடியில் வீடு வாய்த்தவர்கள் வெறுங்குடத்துடன் திரும்புவதற்கு லாரிக்காரரின் வஞ்சகமே எப்போதும் காரணம் என்று சொல்ல முடியாது. உருளையின் வடிவமும் சில சமயம் காரணம். பெட்ரோல் விற்கும் இடங்களில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பதும், சந்தேகிக்கும் எவருக்கும் அதில் அளந்து காட்ட வேண்டும் என்பதும் விதி. மோட்டார் வண்டி குடிப்பதற்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு மனிதர் குடிப்பதற்கு ஏன் இல்லை என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

ஓடும் நீரை அளப்பது எவ்வாறு என்ற கேள்வி எழும். நமது உழவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஏற்றம் இறைக்கும்போது பாடப்பட்ட பாட்டுக்கள் களைப்பைப் போக்குவதற்கு மட்டும் ஏற்பட்டவை அல்ல. இறைத்த சால் எத்தனை என்ற எண்ணிக்கையும் அப்பாட்டிலேயே கோக்கப்பட்டிருந்தது. பாட்டு எந்த இடத்திற்கு வந்தது என்று கேட்டாலே வயலுக்குப் போன தண்ணீர் எவ்வளவு என்று கரையில் இருப்பவன் அறிந்துகொள்வான். அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் காலத்தை நாழிகை என்று எண்ணியதும் நமது முன்னோரே. நாழி என்ற கொள்ளளவும் நாழிகை என்ற காலமும் ஒலியால் உறவு பூண்டிருப்பதைப் படித்தவர்கள் யோசித்துப் பார்க்கலாம். அன்று நீரைக் கொண்டு காலத்தை அளந்தனர். குழாயடியில் நாம் செய்ய வேண்டியது அதையே திருப்பிப் போட்டு, காலத்தைக் கொண்டு நீரை அளப்பது.

அளவறிந்த வாளியைக் குழாயின்கீழ் வைத்து, எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதே போதும். அச்சிற்றூரில் நாம் செய்ததைச் சொல்கிறோம். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும். குழாய் திறந்த சற்று நேரத்தில் 15 லிட்டர் வாளி 45 விநாடியில் நிரம்பியது. நடுவில் 60 விநாடி. முடியுந் தறுவாயில் 90 விநாடி. நிமிஷத்திற்கு முறையே 20, 15, 10 லிட்டர், சராசரி 15. இங்கே ஒரு எச்சரிக்கை. விநாடிகளைக் கூட்டி மூன்றால் வகுத்து 65 என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் நிமிஷத்திற்குப் பதினாலு லிட்டருக்கும் குறைவாக வரும்; அது பிழை. குழாய் ஓடும் நேரத்தை ஒரே அளவான பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கும்போது வேகத்தைத்தான் சராசரி எடுக்க வேண்டும். நமக்குச் சாதகமான பிழையாயிற்றே என்று விட்டுவிடலாகாது. எதிரில் இருப்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற எண்களையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்.

நிமிஷத்திற்கு 15 லிட்டர் வீதம் இரண்டு மணி நேரத்தில் 1,800 லிட்டர். அந்தக் குழாயை நம்பிய வீடுகளில் ஆட்கள் சரியாக நூறுபேர். ஆளுக்கு 18 லிட்டர். பதிவேட்டில் 55, வாளியில் 18! அகதி முகாமுக்கு விதித்த 15-க்கு மூன்று லிட்டர் மேலாக, ஒரு சுதந்திர நாட்டின் கிராமம் ஜீவித்து வந்திருக்கிறது. 55 லிட்டர் கிடைக்க வேண்டுமானால் அதே குழாய் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அல்லது மூன்று மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அதிகாரி பொய் சொன்னார் என்று நாம் கருதவில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரை ஜனத்தொகையால் வகுத்து அவர் எழுதியிருக்கிறார். தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே ஒழுகுவதும், மேட்டுத்தெருவுக்கு ஏறாமல் பள்ளத்தெருவில் பாய்வதும், வசதியுள்ளோர் மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் அவருடைய வகுத்தலில் வருவதில்லை. அவை வாளியில் வருகின்றன.

கையில் அளவு இல்லாதவன் கேட்டதும் கிடைக்காது, கிடைத்ததும் தெரியாது. பொதுக் கிணற்றைத் தொட அனுமதியின்றி, மேலிருந்து மற்றொருவர் ஊற்றும்வரை குடத்தை ஏந்தி நின்ற லட்சக்கணக்கான ஜனங்கள் இந்நாட்டில் இருந்தனர். அவர்களுக்கு அளவு என்பது ஊற்றுகிறவரின் இஷ்டந்தான். 1927-ல் மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் இறங்கி நீரைக் கையால் அள்ளிய அன்று, தாகத்தைத் தீர்த்துக்கொள்வது அல்ல அவர் நோக்கம்; அள்ளும் உரிமையை நிலைநாட்டுவதே. இன்றும் சேரிக்குப் போகும் குழாய் கடைசிக் குழாயாக இருக்கும் ஊர்கள் உண்டு. அங்கே முதலில் வாளியை வைத்துப் பாருங்கள் என்று ஊழியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஊர்த்தெருவில் 45 விநாடி என்பது அங்கே எத்தனை விநாடி என்ற ஓர் எண், பல மணி நேரப் பிரசங்கத்தைவிட அதிகம் பேசும்.

பெரிய எண்களைச் சிறிதாக்கிக் கொடுத்தால் ஜனங்கள் எவ்வளவு செய்வர் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் சாட்சி. மூன்றாண்டு வறட்சியினால் அணைகள் வற்றியபோது, 2018 பிப்ரவரி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று நகர சபை விதித்தது. அணை இன்னும் இறங்கினால் வீட்டுக் குழாய்களை மூடிவிட்டு, இருநூறு இடங்களில் ஆளுக்கு 25 லிட்டர் வீதம் அளந்து கொடுப்பதென்றும் அறிவித்தது. குளிக்கும்போது காலடியில் வாளி வைத்து, அந்த நீரையே கக்கூசுக்கு ஊற்றுவது மாளிகைவாசிகளுக்கும் பழக்கமாயிற்று. வறட்சிக்கு முன் இருந்த செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; அஞ்சிய நாள் வராமலே மழை வந்தது. நமது சென்னை மறு வருஷமே அதே நிலையை அடைந்தது. 2019 ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தபோது மாலையிட்டு வரவேற்றனர். மகிழ்ச்சிதான், ஆனால் கணக்குப் பார்த்தவர் எத்தனை பேர்? ஐம்பது லட்சம்பேர் பங்கிட்டால் ஆளுக்கு அரை லிட்டர்!

காவிரியைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். 2018 பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நீரை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது யாவருக்கும் தெரியும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடிக் கன அடி என்பதும் பலருக்குத் தெரியும். அது எத்தனை குடம்? ஒரு கன அடி 28.317 லிட்டர், எனவே ஒரு டி.எம்.சி. 2,831 கோடி லிட்டருக்குச் சற்று மேல். 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 189 கோடிக் குடம். ஒரு கோடி ஜனங்கள் உள்ள நகரம் ஆளுக்கு 135 லிட்டர் வீதம் செலவழித்தால் இருபத்தொரு நாளுக்கு வரும். வயலில் ஓரடி ஆழத்திற்குக் கட்டினால் ஏறக்குறைய 23,000 ஏக்கர் நனையும். மேடைகளில் குறைந்துபோன 14.75 டி.எம்.சி.யைப் பற்றி முழங்குவோர் இந்தக் கணக்கையும் கூறினால் கேட்பவர்களுக்கு எதை இழந்தோம் என்பது புலனாகும்.

மழையையும் பாத்திரத்தாலேயே அளக்கலாம். பண்டசாலையின் முன்னே ஒரு முழ வாயுள்ள குண்டத்தை வைத்து மழையை அளக்க வேண்டும் என்று கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. இன்று அதற்குச் சாய்வில்லாத நேரான பக்கங்கள் உள்ள எந்த டப்பாவும் போதும். அதில் ஒரு மில்லிமீட்டர் நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு லிட்டர் விழுந்திருக்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியின்மீது ஒரு மில்லிமீட்டர் என்றால் 93 லிட்டர், அதாவது ஆறு குடம். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. குழாயை இறக்கிவிட்டுச் சான்று வாங்கியவர்களில் எத்தனைபேர் அது எத்தனை குடம் சேர்த்தது என்று பார்த்திருப்பர் என்பதை நேயர்களின் ஊகத்திற்கே விடுகிறோம்.

சிற்றூர்த் தூதுகோஷ்டிக்குத் திரும்புவோம். அளவெடுத்த பத்தாம் நாள் மறுபடியும் அதே காரியாலயத்திற்குச் சென்றோம். இம்முறை ஐவர், அவர்களில் மூவர் குழாயடி அம்மையார்கள். ஒரே தாளில் பத்து நாள் அளவும், ஆள் கணக்கும், எந்த வாளி, அது எத்தனை லிட்டர், எவ்வாறு சோதித்தது என்ற விவரமும் எழுதியிருந்தோம். அதிகாரி தாளை இருமுறை படித்தார். "இந்த வாளி 15 லிட்டர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். வாளியையே கொண்டுபோயிருந்தோம், புட்டியும் கொண்டுபோயிருந்தோம். காரியாலயத்துக் குழாயிலேயே நிரப்பிக் காட்டினார் ஓர் அம்மையார். மறுநாள் ஊழியர் ஒருவர் வந்து தெருக்கோடி வால்வைத் திறந்து பார்த்தார். பாதிக்குமேல் மூடிக் கிடந்தது.

அதன்பின் அளந்ததில் நிமிஷத்திற்கு 24, 22, 20 லிட்டர். ஆளுக்கு 26 லிட்டருக்குச் சற்று மேல் ஆகிறது. 55-க்குப் பாதியும் இல்லை. ஆகையால் குழாயடி வேப்பமரத்தில் ஒரு ஆணி அடித்து, கயிற்றில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. காலையில் முதற்குடம் வைப்பவர் விநாடியை எழுத வேண்டும் என்று தெருவார் தீர்மானித்திருக்கிறார்கள். தூதுகோஷ்டி மூன்றாம் முறை செல்லும்போது அந்த நோட்டுப் புத்தகம் உடன் செல்லும்.